தங்கப்பல்காரர்தான் கதாநாயகன்

ஜனவரி 9

அண்ணாவுக்கு,

முன்பு ஒருமுறை ஏழாம் வகுப்பில் இரண்டு பெண்கள் ஒரு காம்பஸ் பெட்டிக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். இருவரையும் பிரித்து நிறுத்தி, "யார் முதல்ல அடிச்சது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "டீச்சர், யார் முதல்ல அடிச்சாங்கன்னு தெரிஞ்சா வலி குறைஞ்சிடுமா?" என்றாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன வாரம் அது திரும்பி வந்தது. வந்த வழி உன் வழி என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். இந்தி தெரிந்தவள். விடுமுறை நாளில் பழைய இந்திப் படங்களைத் தன் கம்ப்யூட்டரில் போடுவாள், நான் கீழேயிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவேன். போன வாரம் அவள் போட்டது நம் சோப்புப் படம். பெயர் வாயில் நுழையாமல் நம் ஊரே "சோப்புப் படம்" என்று சொன்னதே, அதேதான். இரண்டு சகோதரர்கள், ஒரு சலவைக்கடை, ஒரு தங்கப்பல்காரர். பழிவாங்கும் கதை, ஆனால் அடிக்கு ஒரு சிரிப்பு.

நீ கொடுத்த பாஸில் நான் அதை முதல் நாள் மதியக் காட்சியில் பார்த்தேன். எனக்கு நினைவிருக்கும் கதை இது. அந்த இரண்டு தடியன்களும் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தங்கப்பல்காரரைச் சலவைக்கடைக்குள் இழுத்துப் போய், ஈரப் படுக்கை விரிப்பால் சுற்றி, சோப்புத் தண்ணீரில் உருட்டி, கடைசியில் அந்தப் பல்லையே பிடுங்கிவிடுகிறார்கள். ஏன் என்று தெரியாது, அரங்கில் யாருக்கும் இந்தி தெரியாது. பாவமாக இருந்தது. அடுத்த காட்சியில் பல் மறுபடியும் பளபளவென்று இருந்தது. "வசதியான ஆளு, புதுசு கட்டிக்கிட்டாரு" என்று பக்கத்து இருக்கை அம்மா விளக்கம் சொன்னார். பிறகு படம் முழுக்க அந்தத் தடியன்கள் வேஷம் போட்டுக்கொண்டு அவரை விரட்டுகிறார்கள். கடைசியில் பொறுக்கமுடியாமல் அவர் சலவைக்கடையைக் கொளுத்துகிறார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். அப்புறம் போலீஸ் வந்து அவருக்கே விலங்கு மாட்டியபோது, திரையை நோக்கிச் செருப்பு பறந்தது.

இதை நான் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவள் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், அந்த ஆளுதான் வில்லன்!"

கடையைக் கொளுத்துவதுதான் முதலில் வருகிறதாம். அதற்குத்தான் சகோதரர்கள் பழிவாங்குகிறார்களாம். நாற்பத்தொரு வருடம் நான் வில்லனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன், அண்ணா! அவள் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

அன்று கேபினில் என்ன நடந்தது? படத்தை ஓட்டிய ஆபரேட்டர் நீ. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை என்பதால் கடிதம். இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நீ என்னோடு பேசாமல் போனதும் அதே வருடம்தான். அப்பாவின் காரியத்தின்போதுகூட எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாய். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அறுபத்துமூன்று, உனக்கு அறுபத்தேழு. நம்மில் ஒருவர் இல்லாமல் போவதற்கு முன் தெரிந்துகொள்ள ஆசை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை

•

ஜனவரி 20

ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்களுக்கு,

தாங்கள் எழுதியது கிடைத்தது. பதில் எழுத விருப்பமில்லை. ஆனால் தொழில் விஷயமாகக் கேட்டிருப்பதால் அதற்கு மட்டும் சொல்கிறேன்.

படம் பதினான்கு ரீல். ஒவ்வொன்றும் ஒரு தகர டப்பாவில் வரும். டப்பா மேல் ஒட்டிய சீட்டில் எண் இருக்கும். பெட்டி பல ஊர் சுற்றி வந்தது. பதின்மூன்றாம் டப்பாவில் ஒன்று என்ற எண் உரிந்துபோய், மூன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஆக இரண்டு டப்பாவிலும் மூன்று. பெட்டி வந்ததே காட்சிக்குக் கால் மணி முன்னால். பிரித்துப் பார்க்க நேரமில்லை. மேலே இருந்ததை மாட்டினேன்.

விரிப்பைச் சுற்றி அடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடுகிற ரீலை நிறுத்தினால் நாற்காலியை உடைப்பார்கள். இரண்டு மெஷின், ஒன்று முடியும்போது அடுத்தது பிடிக்க வேண்டும், யோசிக்க இடமில்லை. அதனால் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று, பதின்மூன்று வரவேண்டிய இடத்தில் மூன்றைப் போட்டேன். மாலைக் காட்சிக்குச் சரி செய்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் மதியம் பார்த்தவனும் மாலை பார்த்தவனும் டீக்கடையில் யார் கதாநாயகன் என்று அடித்துக்கொண்டார்கள். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. முதலாளிக்கு விஷயமே தெரியாது.

தெரியாமலே போயிருக்கும். தாங்கள் எழுதிப் போடாமல் இருந்திருந்தால்.

இப்போது ஒன்றும் தெரியாதவர்போல "கேபினில் என்ன நடந்தது" என்று கேட்கிறீர்கள். நல்ல நடிப்பு. என் பிழைப்பைக் கெடுத்தவர் என் வாயாலேயே கதை கேட்கிறார்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்.

பழைய ஆபரேட்டர், இப்போது தையல்காரன்

•

ஜனவரி 29

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை ரீல் கதைக்காகச் சிரித்துக்கொண்டே படித்தேன். "எழுதிப் போடாமல்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் யாருக்கு என்ன எழுதிப் போட்டேன்?

கோபப்படாமல் கேள். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதிவிட்டு, வந்த வழியை எழுதாமல் விட்டால், எனக்கு மதிப்பெண் போடவும் முடியாது, தவறு எங்கே என்று காட்டவும் முடியாது. நீ விடையை மட்டும் எழுதியிருக்கிறாய். வழியையும் எழுது. முதலாளிக்கு ஒரு கடிதம் போனதா? அதில் என்ன இருந்தது? நான்தான் என்று யார் சொன்னது?

நீ வேலையை விட்டது எனக்குத் தெரியும். அப்பா கடையில் உட்கார ஆள் வேண்டும் என்று நீயாகவே விட்டாய் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் அப்பா. நான் அதை நம்பினேன். கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது, ஏனென்றால் கத்தரிக்கோலைத் தொட்டாலே உனக்குத் தும்மல் வரும்.

உறையின்மேல் முகவரி அண்ணியின் கையெழுத்து. நீ எழுதி வைத்ததை அவர் அஞ்சலில் சேர்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்கு என் நன்றி.

தங்கை

•

பிப்ரவரி 8

ஆசிரியைக்கு,

வழி வேண்டுமாம். சரி.

வெள்ளிக்கிழமை படம். திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். கையில் ஒரு தாள். "மூணும் பதிமூணும் மாத்தி ஓட்டினியாமே? ஊரே என் தியேட்டரைப் பார்த்துச் சிரிச்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும். "இதோட இன்னும் எழுதியிருக்கு, நீயே படி" என்று தாளை என்மேல் வீசினார். அன்றோடு முடிந்தது. ஐந்து வருடம் பார்த்த வேலை. கேபின் ஓட்டை வழியாக வெளிச்சம் போகிறதே, அதில் தூசி மிதக்கும். மேலே ஒருவன் நிற்கிறான் என்று கீழே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அவன் கையை எடுத்தால் எல்லாம் இருட்டு. அப்படி ஒரு வேலை எனக்கு மறுபடி கிடைக்கவில்லை.

அந்தத் தாள் நம் வீட்டுத் தாள். அப்பா அளவு வெட்டும் பழுப்புக் காகிதம். ஓரத்தில், தையல் தடம் போட அவர் பல்சக்கரம் ஓட்டிய புள்ளி வரிசைகூட இருந்தது. எழுத்து உன் எழுத்து. குண்டு குண்டாக, அச்சடித்ததுபோல. உன்னை விட்டால் நம் வீட்டில் அப்படி எழுத யாருக்கு வரும்? எனக்கு வருமா?

ரீல் மாறியதை நான் வெளியே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இரண்டு காட்சிக்கு நடுவில் சாப்பிட வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா வெட்டுப் பலகையில் இருந்தார். உன் செருப்பு வாசலில் கிடந்தது. நீ உள் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். காது கேட்காதா உனக்கு?

நீ டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்தாய். சினிமாக்காரன் தங்கை என்று சொல்ல உனக்கு வெட்கம். அதனால் எழுதினாய். இதுதான் வழி. மதிப்பெண் போட்டுக்கொள்.

•

பிப்ரவரி 21

அண்ணா,

மதிப்பெண் போடுகிறேன். ஒவ்வொரு வரியும் சரி. விடை தவறு.

முதலில் செருப்பு. அன்று நான் அந்தச் செருப்போடு படத்துக்கு வரவே இல்லை. பயிற்சிப் பள்ளியில் கறுப்பு ஷூ போடவேண்டும் என்று புது விதி. அப்பா வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். குதிகால் தோல் உரிந்து படம் முழுக்க ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தேன். பழைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. பெட்டியைப் பாஸ் கிழிப்பவரிடம் கொடுத்து வைத்துவிட்டு, படம் முடிந்ததும் நேரே ஆறு மணி பஸ். வீட்டுக்குத் திரும்பவில்லை. நீ சாப்பிட வந்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டு, அந்தப் போலீஸ்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை நீ நம்பவேண்டியதில்லை. பழைய செருப்பைப் பற்றி இன்று யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். இத்தோடு வைத்திருக்கும் தாளைப் பார். இதற்காக என் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பயிற்சிப் பள்ளி ஆண்டு மலர். படம் வந்து மூன்று மாதத்தில் அச்சானது, தேதி மேலே இருக்கிறது. அதில் நான் எழுதிய கட்டுரை: "பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு." அப்போதே எனக்கு உபதேசம் செய்யும் நோய் வந்துவிட்டது. இரண்டாவது பத்தியைப் படி:

"அண்மையில் யான் கண்ட திரைப்படத்தில், பொற்பல் கொண்ட அந்தப் பெருமகனார் எத்தனை இன்னல்களைத் தாங்கினார்! அநியாயமாகப் பல் இழந்தும் அவர் பொறுத்தார். புதுப் பல் கட்டிக்கொண்டார்."

சிரித்துவிட்டாயா? நானும்தான். அந்தப் "பெருமகனார்" என்னை இன்னும் கூசவைக்கிறார்.

இப்போது யோசி. மூன்றும் பதின்மூன்றும் மாறியது தெரிந்த எவளாவது மூன்று மாதம் கழித்து இப்படி எழுதி, அச்சிலும் கொடுப்பாளா? தெரியாத ஒன்றை நான் எப்படி முதலாளிக்கு எழுதியிருக்க முடியும்? தங்கப்பல்காரர்தான் கதாநாயகன் என்று போன மாதம்வரை நம்பிய முட்டாள் நான். அந்த முட்டாள்தனம்தான் இன்று என் சாட்சி.

வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும், அண்ணா. எட்டிலிருந்து மூன்றைக் கழிப்பதும் மூன்றிலிருந்து எட்டைக் கழிப்பதும் ஒன்றல்ல என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு அது வேண்டாம், நீ தையல்காரன். அளந்துவிட்டு வெட்டினால் சட்டை வரும், வெட்டிவிட்டு அளந்தால் அப்பாவிடம் திட்டு வரும். நீ முதலில் முடிவை வெட்டிவிட்டாய். அப்புறம் செருப்பு, காகிதம், கையெழுத்து எல்லாவற்றையும் அதற்கு அளந்து பார்த்தாய்.

அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? நீ எதையும் எறியாதவன், இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார். என்னை மறந்துவிட்டுப் பார்.

ரீல் விஷயத்தை வீட்டில் சொன்னபோது நீ யாரைப் பார்த்துச் சொன்னாய்?

தங்கை

•

ஏப்ரல் 2

வாலு,

இப்படிக் கூப்பிட்டு நாற்பத்தொரு வருடம் ஆயிற்று. கை தானாக எழுதிவிட்டது. அடித்துத் திருத்தவில்லை.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலரின் தாளைப் படித்த அன்று உன் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள், நான் அழுகிறேன் என்று நினைத்து. "புதுப் பல் கட்டிக்கொண்டார்" என்ற இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் நினைத்ததும் சரியாகிவிட்டது.

நீ கேட்ட கேள்விக்கு அன்றே பதில் தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு நாள். நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அப்பாவிடம் மட்டும்தான் சொன்னேன். "அப்பா, இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு" என்று தொடங்கி மூணு, பதிமூணு எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு இருமல் வந்தது. கையில் இருந்த துணியை நீட்டினார். துடைத்துக்கொண்டு மாலைக் காட்சிக்கு ஓடிவிட்டேன்.

தாள் ஒரு பழைய ரீல் டப்பாவில் இருக்கிறது. அன்று முதலாளி அறையில் ஒரே ஒரு முறை படித்தேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை. எதிரி யார் என்று தெரிந்துவிட்ட பிறகு எதற்குத் திறப்பது? போன வாரம்தான் மூடியை நெம்பினேன்.

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் கலங்கியிருக்கிறது. எழுதிய கை, எழுதிய ஈரத்தின் மேலேயே போயிருக்கிறது. உன் எழுத்துதான், குண்டு குண்டாக. ஆனால் உனக்கு அந்த எழுத்தைப் பழக்கியது யார்? அப்பாதானே. அவருக்கு இடது கை. கத்தரிக்கோல்கூட அவருக்கென்று தனி. அவர் எதை எழுதினாலும் சுண்டு விரலோரம் மை அப்பியிருக்கும். சின்ன வயதில் நாம் அதைக் கேலி செய்வோமே. உனக்கு வலது கை. இதை நான் பார்க்கவில்லை, வாலு. தாள் என் கையில் இருந்தது, பார்க்கவில்லை.

கடைசி வரி இது: "இப்படிக் கவனமில்லாதவனைக் கேபினில் வைக்காதீர்கள். அந்தப் புகையில் அவன் நிற்பதே தவறு." நான் அதைக் குத்தல் என்று நினைத்தேன். திரைக்கு வெளிச்சம் தர மெஷினுக்குள் கார்பன் குச்சி எரிகிற புகை. அப்போது இருமினால் துணியில் கறுப்பாக வரும். வேலையை விட்டு ஆறு மாதத்தில் இருமல் நின்றுபோனது. நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை. கோபத்தில் இருந்தேன்.

அந்த வாரமே அவர், "வந்து தையல் மெஷின்ல உக்காருடா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் உன்னோடு பேசுவதில்லை என்று அவருக்குத் தெரியும். காரணம் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? அவரைக் கேட்க முடியாது.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். உன் அண்ணிக்கும் தெரியாது.

நீ பயிற்சி முடித்த வருடம் உனக்கு நியமன உத்தரவு வந்ததே, நினைவிருக்கிறதா? பெரிய நகரத்துப் பள்ளி. நூலகமும் ஆய்வுக்கூடமும் உள்ள பள்ளி. பதினைந்து நாளில் சேரவேண்டும். நீ போனபோது இடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். தபால் தாமதம் என்று வீட்டில் எல்லோரும் தபால்காரரைத் திட்டினார்கள். தபால் தாமதமில்லை. உத்தரவு சரியான நாளில் வந்தது. நான் வாங்கினேன். பொத்தான் பெட்டிக்கு அடியில் வைத்தேன். பத்தொன்பது நாள். இருபதாம் நாள் எடுத்து உன் மேஜையில் போட்டேன்.

என் வேலையை நீ கெடுத்தாய், உன் வேலையை நான் கெடுக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். இப்போது பார்த்தால் நான் பழிவாங்கும் பதின்மூன்றாம் ரீலை மட்டும் ஓட்டியிருக்கிறேன். கடையைக் கொளுத்தும் மூன்றாம் ரீல் என்று ஒன்று இல்லவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை போதாது. நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணன்

•

ஏப்ரல் 16

வாலு,

கடிதம் கிடைத்ததா? அண்ணி இரண்டு முறை போன் செய்தாள், நீ எடுக்கவில்லையாம். மாடி நர்ஸ் நம்பர் ஏதாவது இருந்தால் அனுப்பு. திட்டுவதாக இருந்தாலும் ஒரு வரி எழுது. உடம்பு நலமா என்று மட்டுமாவது.

அண்ணன்

•

ஏப்ரல் 24

அண்ணா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. இன்றோடு பத்தொன்பது நாள். எண்ணித்தான் வைத்திருந்தேன்.

எப்படி இருந்தது? தபால்காரர் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாயா? நன்றாகப் பார்த்திருப்பாய். என் பழிவாங்கல் இவ்வளவுதான், முடிந்துவிட்டது. சோப்புத் தண்ணீருக்கும் விரிப்புக்கும் எனக்குத் தெம்பில்லை. போனை எடுக்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணியிடம் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல் மூன்று நாள் விளையாட்டாக இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். மாடி நர்ஸ் வந்து, "டீச்சர், யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய பள்ளியின் வாசலில் நின்று, "நேத்தே ஆள் போட்டாச்சும்மா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாளே, அவளுக்காகத்தான் நடந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு கிடைத்த ரயில் சந்திப்பு ஊரின் பள்ளியில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். கரும்பலகை வெடித்த பள்ளி. வண்டி போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த ஊரில்தான் என் வீட்டுக்காரரைச் சந்தித்தேன், எல்லாம் நன்மைக்கே என்று உனக்கு ஆறுதல் எழுத வந்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. உன்னை விடுவிப்பதற்காகச் சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொரு தாளும் இருக்கிறது. அதை மறைத்தால் நானும் பொத்தான் பெட்டிக்கு அடியில் வைத்தவள் ஆவேன்.

மலருக்காக டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது அப்பா எனக்கு எழுதிய ஒரு அட்டையும் விழுந்தது. அப்போது அதை ஓரமாக வைத்துவிட்டேன், மலர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உன் கடிதத்துக்குப் பிறகு எடுத்துப் படித்தேன். படம் வருவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி. மை கலங்கின எழுத்து.

"உன் அண்ணன் இருமினால் துணியில் கறுப்பாக வருகிறது. சொன்னால் சிரிக்கிறான். உங்கள் விடுதிக்கு வரும் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது."

நான் கேட்டேன். எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது, ஏனென்றால் எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன், பெரிய மனுஷிபோல. "அந்தப் புகையிலிருந்து அவனை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிடுங்கள், அப்பா. அவனிடம் சொல்லிப் பயனில்லை."

எப்படியாவது. அந்த மனிதர் என் வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் வழி தேடியிருப்பார். நீயே வந்து, சிரித்துக்கொண்டே, வழியை அவர் கையில் கொடுத்திருக்கிறாய்.

ஆக மூன்றாம் ரீல் இல்லை என்று நீ எழுதியது தவறு. அது இருந்தது. அதை ஓட்டியவள் நான். உன் பிழைப்பைக் கெடுத்தது நான்தான் என்று நீ நாற்பத்தொரு வருடம் நம்பியதில் ஒரு ஓரத்தில் உண்மை இருக்கிறது, நீ நினைத்த ஓரத்தில் இல்லை. உன் வேலையை எடுத்ததும் நாங்கள், உன் மூச்சைக் காப்பாற்றியதும் நாங்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது பிழை. அதற்காக நான் வருந்துகிறேன். இருமல் நின்றதற்காக வருந்தமாட்டேன்.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு இப்போது பதில் சொல்வேன். வலி குறையவில்லை, கண்ணு. ஆனால் யார்மேல் இவ்வளவு நாள் கோபமாக இருந்தோம் என்று தேடினால், அங்கே ஒரு ஆளே இல்லை. எண் உரிந்த ஒரு தகர டப்பாதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நர்ஸ் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ரீலிலிருந்து வரிசையாகப் பார்க்கவேண்டும். தங்கப்பல்காரர் அடி வாங்கும்போது நான் பாவம் என்று சொன்னால் கேலி செய்யக்கூடாது, நாற்பத்தொரு வருடப் பாசம் ஒரு நாளில் போகாது. அந்தத் தாளையும் எடுத்து வை. நான் அட்டையைக் கொண்டுவருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவின் மையைப் பார்க்கலாம். என் பழைய செருப்பை அண்ணி இன்னும் எறியாமல் இருந்தால் அதையும் சாட்சிக்கு எடுத்து வை.

ஞாயிறுக்குள் ஒன்று செய்து பார். ஒரு தாளை எட்டுத் துண்டாகக் கிழித்து, நமக்குள் நடந்ததைத் துண்டுக்கு ஒன்றாக எண் போடாமல் எழுதி, குலுக்கிப் போட்டுவிட்டு, எது முதலில் நடந்தது என்று உன் கையால் எடுத்து வரிசையாக வை.

வாலு